அறிதலும் ஆற்றுதலும்: மூளைக் குருதிக்கலன் பிறழ்வுச் சிகிச்சை எழுப்பும் ஓர் அறவியல் வினா

அறிவு வளர வளர மனிதனின் கடமையும் வளர்கின்றது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டதொரு கருத்தாகும். தீங்கொன்று வரவிருப்பதை அறியாதவன் அதனைத் தடுக்காதிருந்தால் அவனை எவரும் குறைகூறுவதில்லை. அறிந்தவன் வாளாவிருந்தால் அவன் பழிக்கு ஆளாகின்றான். ஒழுக்கவியலின் இந்த எளிய விதி நாளாந்த வாழ்வின் பெரும்பாலான சந்தர்ப்பங்களுக்குப் பொருந்துவதே. ஆயின், தீங்கைத் தடுப்பதற்கு மேற்கொள்ளும் செயலே அதே தீங்கை விளைவிக்கக்கூடியதாக இருக்குமிடத்து இவ்விதி எவ்வாறு பொருந்தும்? வருமா வராதா என்று உறுதியாகக் கூறமுடியாத ஓர் ஆபத்தைக் கண்டுவிட்ட காரணத்தினால் மட்டும், அதனை நீக்கியே தீரவேண்டும் என்னும் கடப்பாடு பிறக்கின்றதா? இவ்வினாவை உயிரும் உணர்வும் சம்பந்தப்பட்ட நடைமுறைப் பிரச்சினையாக எழுப்பும் துறைகளுள் நரம்பியல் வைத்தியமும் ஒன்று. சிறப்பாக, மூளையின் குருதிக்கலன்களிற் காணப்படும் அரிய பிறழ்வுகளைக் கண்டறிவதிலும் அவற்றுக்குச் சிகிச்சையளிப்பதிலும் இவ்வினா மிகக் கூர்மையாக வெளிப்படுகின்றது.

வாதத்தினுட் புகுமுன்னர் இப்பிறழ்வின் இயல்பைச் சுருக்கமாக நோக்குதல் அவசியமாகும். இதயத்திலிருந்து உயர்ந்த அமுக்கத்துடன் வரும் குருதி நாடிகள் வழியாக மூளையை அடைகின்றது. நாடிகள் கிளைத்துக் கிளைத்து மிக நுண்ணிய மயிர்த்துளைக் குழாய்களாகின்றன. அவ்வலையமைப்பினூடே செல்லுகையில் குருதியின் வேகமும் அமுக்கமும் தணிகின்றன. ஒட்சிசனும் போசணையும் இழையங்களைச் சென்றடைகின்றன. அதன் பின்னரே குருதி மெல்லிய சுவர்களையுடைய நாளங்களுள் வடிகின்றது. நாடி-நாளப் பிறழ்வு எனப்படும் நிலையில் இடைப்பட்ட மயிர்த்துளைக் குழாய்கள் அமைவதில்லை. நாடிகளும் நாளங்களும் நூற்சிக்கல் போன்றதொரு முடிச்சாகப் பின்னி நேரடியாக இணைந்துவிடுகின்றன. நாடியின் அமுக்கத்தைத் தாங்குவதற்கென அமையாத நாளச்சுவர் அதனை ஆண்டுக்கணக்காகத் தாங்கவேண்டியதாகின்றது. சிலரில் அச்சுவர் ஒருநாள் வெடித்து மூளையினுட் குருதி பெருகும். சிலருக்கு வலிப்பு உண்டாகும். சிலருக்குத் தலைவலி மட்டும் தோன்றும். வேறு சிலர் எவ்விதக் குறியுமின்றி முதுமையெய்தி வேறு காரணங்களால் இறப்பர்.

ஓராண்டில் ஏறத்தாழ நூறாயிரம் பேருக்கு ஒருவரிலேயே இது புதிதாகக் கண்டறியப்படுகின்றது. நெடுங்காலமாக முற்றிலும் பிறவிக் குறைபாடு என்றே கருதப்பட்டுவந்த இப்பிறழ்வின் கலன்சுவர்க் கலங்களிற் குறிப்பிட்டதொரு மரபணு மாற்றம் பலரிடத்துக் காணப்படுவதாக 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. ஆகவே இதன் தோற்றம் பற்றிய அறிவுகூட இன்னும் முற்றுப்பெற்றதன்று.

இப்பிறழ்வைக் காணும் ஆற்றலின் வரலாறு அறவியல் நோக்கிற் பெரிதும் கவனிக்கத்தக்கது. 1928 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர்களான ஹார்வி குஷிங், வோல்ற்றர் டான்டி ஆகிய இருவரும் தனித்தனியே இவை பற்றி எழுதினர். வேறெதையோ எதிர்பார்த்து மண்டையோட்டைத் திறந்தபோது எதிர்ப்பட்ட துடிக்கும் கலன்திரள்களே அக்காலத்து அனுபவத்தின் பெரும்பகுதியாகும். அவற்றை அகற்ற முயல்வது பேராபத்து என்னும் அவநம்பிக்கையே அன்று மேலோங்கியிருந்தது. உயிருள்ள மனிதனின் மூளைக் கலன்களை மண்டையோட்டைத் திறவாமலே காணும் வழியை லிஸ்பனில் எகாஸ் மொனிஸ் 1927 இல் வகுத்தார். கழுத்து நாடியினுள் எக்ஸ் கதிரைத் தடுக்கும் திரவமொன்றைச் செலுத்திப் படமெடுப்பதே அம்முறை. அவரது தொடக்க முயற்சிகளின்போது நோயாளர் ஒருவர் உயிரிழந்தார் என்பதும் பதிவாகியுள்ளது. காணும் செயல்கூடத் தீங்கற்றதாகத் தொடங்கவில்லை.

இதே மொனிஸ், 1935 இல், மனநோயாளரின் மூளை முன்மடல்களின் நரம்பிழைகளைத் துண்டிக்கும் சிகிச்சையையும் ஆரம்பித்துவைத்தார். 1949 ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது இப்பிந்திய செயலுக்காகவேயாகும். இன்று நோக்குமிடத்து, அவர் காட்டிய பார்வை வைத்தியத்தின் நிலையான செல்வமாக நிலைத்துவிட்டது. அவர் செய்த வெட்டோ பலரது ஆளுமையைச் சிதைத்த அவசரமாகக் கணிக்கப்படுகின்றது. காண்பதும் கைவைப்பதும் வெவ்வேறு அறச்செயல்கள் என்பதற்கும், ஒன்றில் வல்லவர் மற்றதிலும் விவேகியாயிருப்பார் என்ற நியதி இல்லை என்பதற்கும் இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

1971 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் இலண்டனில் கொட்பிறி ஹவுன்ஸ்பீல்டின் கணனிவழி எக்ஸ் கதிர்ப் பொறியினால் முதல் நோயாளரின் மூளை படமாக்கப்பட்டது. எண்பதுகளில் எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் பரிவுப் படமாக்கல் பரவிற்று. இவற்றின் விளைவாக முன்னெப்போதும் இல்லாத ஒரு வகையினர் தோன்றினர். தலைவலிக்காகவோ, விபத்தொன்றின் பின்னரோ எடுக்கப்பட்ட படத்தில் வெடிக்காத பிறழ்வொன்று தற்செயலாகக் காணப்பட்டவர்களே அவர்கள். நேற்றுவரை தம்மைச் சுகதேகி எனக் கருதியிருந்தவர் ஒரு படத்தினால் நோயாளராகிவிடுகின்றார். அவரது உடலில் எதுவும் மாறவில்லை. மாறியது அறிவு மட்டுமே. அவ்வறிவை இனி மீளப்பெற முடியாது. இருமும்போதும் படியேறும்போதும் அது அவருடன் செல்கின்றது.

அவர்முன் வைக்கப்படும் வழிகள் நான்கு. முதலாவது, மண்டையோட்டைத் திறந்து பிறழ்வை வெட்டியகற்றல். ஸ்ரொக்ஹோமில் ஹேபேட் ஒலிவெக்ரோனா 1932 இல் இதனை முழுமையாக நிறைவேற்றிக் காட்டினார். இரண்டாவது, கலன்வழியே நுண்குழாய் செலுத்திப் பசைபோன்ற பொருளினால் முடிச்சை அடைத்தல். 1960 இல் லூசன்கொப்பும் ஸ்பென்சும் சிறு உருண்டைகளைக் குருதியோட்டத்தில் விட்டு அடைக்க முயன்றது இதன் தொடக்கமாகும். மூன்றாவது, லாஸ் லெக்செல் வகுத்த வழியில் கதிர்களைப் பிறழ்வின்மீது குவித்தல். 1970 இல் ஸ்ரொக்ஹோமில் இது முதன்முதலாக இப்பிறழ்வுக்குப் பயன்படுத்தப்பட்டது. கதிர்பட்ட கலன்கள் மெல்லத் தடித்து மூடிக்கொள்ள இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். அதுவரை வெடிக்கும் ஆபத்து நீங்குவதில்லை. நான்காவது வழி, வலிப்பு, தலைவலி ஆகியவற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பிறழ்வைத் தொடாது விடுதல். சிகிச்சை பற்றிய உரையாடல்களில் இந்நான்காவது வழி ஒரு வழியாகவே எண்ணப்படாமற் போவதுண்டு என்பது மனங்கொள்ளத்தக்கது.

எந்தப் பிறழ்வை அகற்றுவது எவ்வளவு ஆபத்தானது என மதிப்பிடுவதற்கு ஸ்பெற்ஸ்லர், மார்ட்டின் ஆகியோர் 1986 இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். பிறழ்வின் பருமன் மூன்று சென்ரிமீற்றருக்குக் குறைவாயின் ஒரு புள்ளி. மூன்று முதல் ஆறு வரையாயின் இரண்டு. அதற்கு மேலாயின் மூன்று. பேச்சு, பார்வை, அசைவு போன்ற தொழில்களை ஆற்றும் பகுதியை அடுத்திருந்தால் மேலும் ஒரு புள்ளி. குருதி ஆழ்ந்த நாளங்களுள் வடியுமாயின் இன்னுமொரு புள்ளி. கூட்டுத்தொகை ஒன்று முதல் ஐந்துவரை அமையும். தாழ்ந்த படியிலுள்ளவற்றைத் தேர்ந்த கைகள் பெரும்பாலும் பாதுகாப்பாக அகற்றிவிடும். உயர்ந்த படியிலுள்ளவற்றில் கத்தியே வெடிப்பினும் கொடியதாகிவிடலாம்.

இங்கு ஒரு வேறுபாடு தெளிவாக்கப்படல் வேண்டும். ஒருமுறை வெடித்துவிட்ட பிறழ்வு மீண்டும் வெடிக்கும் வாய்ப்பு, குறிப்பாக அடுத்த ஓராண்டுக்குள், கூடுதலானது. அந்நிலையிற் சிகிச்சையின்பால் நியாயம் வலுவாகச் சாய்கின்றது. அறவியற் சிக்கல் முழுமையாகத் தோன்றுவது வெடிக்காத பிறழ்வினிடத்தேயாகும்.

வெடிக்காத பிறழ்வுக்குச் சிகிச்சை செய்வது நன்மையா என்பதை ஊகத்துக்கு விடாது சோதிக்க முனைந்தது 'அருபா' என்னும் பன்னாட்டு ஆய்வு. 2007 இல் நோயாளரைச் சேர்க்கத் தொடங்கிய இவ்வாய்வில் ஒன்பது நாடுகளின் 39 நிலையங்கள் பங்கேற்றன. ஆராயப்பட்ட 1740 பேருள் இறுதியிற் பங்கேற்றோர் 226 பேரே. அவர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு மருந்து மட்டும்; மற்றப் பிரிவினருக்கு மருந்துடன் மேற்கூறிய சிகிச்சைகளுள் ஒன்றோ பலவோ. 2013 ஏப்ரலில் ஆய்வு இடைநிறுத்தப்பட்டது. சராசரியாக 33 மாதங்கள் அவதானித்ததில், மருந்து மட்டும் பெற்ற 109 பேருள் 11 பேரும், சிகிச்சை பெற்ற 114 பேருள் 35 பேரும் பாரிசவாதத்துக்கோ மரணத்துக்கோ ஆளாகியிருந்தமையே காரணம். 2020 இல் வெளியான இறுதி அறிக்கையிலும் நிலை மாறவில்லை: மருந்துப் பிரிவின் 110 பேரில் 15 பேர், சிகிச்சைப் பிரிவின் 116 பேரில் 41 பேர். காக்கவென நீட்டிய கரமே அக்கால எல்லைக்குள் கூடுதலானோரை வீழ்த்தியது.

இம்முடிவு எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. சிகிச்சை பெற்றோருள் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோர் சிறுதொகையினரே என்றும், வெவ்வேறு முறைகளை ஒரே தட்டில் நிறுத்தது தவறு என்றும் சத்திரசிகிச்சை நிபுணர்கள் சுட்டிக்காட்டினர். இவற்றினும் ஆழமானது காலம் பற்றிய ஆட்சேபம். சிகிச்சையின் ஆபத்து முன்கூட்டியே ஒரேயடியாகச் செலுத்தப்படுவது. பிறழ்வின் ஆபத்தோ வாழ்நாள் முழுவதும் தவணை தவணையாக அறவிடப்படுவது. முதற்சில ஆண்டுகளின் கணக்கை மட்டும் பார்த்தால் முன்கூட்டிச் செலுத்தியவன் நட்டமடைந்தவனாகவே தோன்றுவான். பின்லாந்தில் 160 நோயாளரைச் சராசரி ஏறத்தாழ 24 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 1990 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, குறிகள் தோன்றிய பிறழ்வுகளிடத்து ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு என்ற வீதத்திற் குருதிப்பெருக்கு நேர்வதைக் காட்டிற்று. வெடிக்காதவற்றில் இவ்வீதம் குறைவு. அது நூற்றுக்கு ஒன்றே என வைத்துக்கொண்டாலும், முப்பது வயதினர் எழுபதை அடைவதற்குள் வெடிப்பைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றிலொன்றாகும். இரண்டு என வைத்தால் அது பாதியையும் கடந்துவிடும்.

ஆகவே கணக்குப் பார்த்து முடித்துவிடலாம் எனத் தோன்றலாம். இந்த இடத்திலேயே கணக்கின் எல்லையும் புலப்படுகின்றது. அறுபத்தைந்தாவது வயதில் இழக்கும் பேச்சும் முப்பதாவது வயதில் இழக்கும் பேச்சும் எண்ணிக்கையில் ஒன்றாகலாம்; வாழ்க்கையில் ஒன்றாகா. கைக்குழந்தையுள்ள தாய்க்கு அடுத்த பத்தாண்டுகள் எவ்வகை ஆண்டுகளினும் பெறுமதியானவை. ஆபத்தைப் பின்தள்ளுவதே அவளுக்கு நன்மையாகலாம். வெடிப்பைப் பற்றிய அச்சத்தினால் உறக்கமிழந்து தொழிலையும் கைவிட்ட ஒருவருக்கோ காத்திருத்தலே நோயாகிவிடுகின்றது. இவ்விருவரின் பிறழ்வுகளும் அளவுகோலில் ஒரே படியில் நிற்கக்கூடும். வைத்தியன் குணப்படுத்துவது பொதுவான மனிதனை அன்று, இன்ன பெயருடைய இன்னாரையே என அரிஸ்ரோட்டில் கூறியிருப்பதன் பொருள் இங்குத் துலக்கமாகின்றது. திருக்குறளின் மருந்து அதிகாரமும் நோயை ஆராய்வதோடு அமையாது, நோயுற்றவனின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணியே செயற்படுமாறு வைத்தியனுக்கு விதிக்கின்றது. மேற்கூறிய அளவுகோல் இம்மூன்றனுள் நோயின் அளவை மட்டுமே தருவது. ஏனைய இரண்டும் படத்திற் பதிவதில்லை.

அடுத்து எழுவது செயலுக்கும் செயலின்மைக்கும் இடையிலான வேறுபாடு பற்றிய பிரச்சினை. வைத்தியரின் கத்தியால் ஒருவர் பேச்சிழந்தால் அதனைச் செய்தவர் யார் என்பது வெளிப்படை. தொடாது விட்ட பிறழ்வு வெடித்து ஒருவர் பேச்சிழந்தால் அது 'விதி' எனப்படும். விளைவு ஒன்றாயிருக்க, பொறுப்பு மட்டும் ஏன் வேறாகின்றது? விளைவையே அளவாகக் கொள்ளும் பயன்வழிச் சிந்தனையாளர் இவ்வேறுபாட்டை ஏற்பதில்லை. எனினும் அதனை முற்றாக ஒதுக்கிவிடவும் இயலாது. அறுவை தவறினால் அதன் நினைவைச் சுமப்பவர் வைத்தியர். இச்சுமை அவரைப் பொறுப்புள்ளவராக வைத்திருக்கும் காவலுமாகும். பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய மெய்யியலாளர் 1976 இல் ஒழுக்கத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு பற்றி எழுப்பிய விவாதம் ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஒரே நோயாளருக்கு ஒரே அளவு ஆராய்ந்து ஒரே முடிவை எடுத்த இரு வைத்தியருள் ஒருவரின் நோயாளர் நலமுற, மற்றவரின் நோயாளர் வீழ்ந்தால், உலகம் ஒருவரைப் புகழ்ந்து மற்றவரைத் தூற்றும். அவர்களது தீர்மானத்தின் நேர்மையிலோ எவ்வித வேறுபாடும் இல்லை. தீர்மானத்தின் தரத்தை விளைவைக்கொண்டு மட்டும் அளக்கப் பழகிய சமூகத்தில் வைத்தியர் இரண்டிலொரு வழியிற் பிழைபடுவர்: குறை கூறப்படுவோமென அஞ்சித் தேவையானதையும் செய்யாதுவிடுவர், அல்லது எதுவும் செய்யவில்லை என்ற பழிக்கு அஞ்சித் தேவையற்றதைச் செய்வர். வெடிக்காத பிறழ்வின் விடயத்தில் இரண்டாவது பிழைக்கு வாய்ப்பு அதிகம். படம் கையில் இருக்கின்றது. கருவி அருகே இருக்கின்றது. கற்ற திறமை செயலை நாடுகின்றது.

அவ்வாறாயின் நோயாளரே தீர்மானிக்கட்டும் எனக் கூறி வைத்தியர் ஒதுங்கிவிடலாமா? நோயாளரின் உடன்பாடின்றி எதுவும் செய்யலாகாது என்பது இன்று ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் உடன்பாடு என்பது ஒரு கையொப்பத்தில் அடங்கிவிடுவதன்று. ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பேருக்கு வெடிக்கும் என்று கூறுவதும், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு வெடிக்காது என்று கூறுவதும் ஒரே உண்மையே. கேட்பவரை அவை வெவ்வேறு திசைகளிற் செலுத்துகின்றன. 'உமது தலைக்குள் வெடிகுண்டு இருக்கின்றது' என்று தொடங்கும் வைத்தியர் தெரிவை நோயாளரிடம் விட்டதாகக் கூறிக்கொள்ளலாம். உண்மையில் முதல் வாக்கியத்திலேயே தெரிவை அவர் முடித்துவிட்டார். அதே போன்று, சிகிச்சையின் விளைவுகளை எடுத்துரைப்பவர் உலகின் தலைசிறந்த நிலையங்களின் பெறுபேற்றைக் கூறுவது போதாது. இந்தக் கைகளால், இந்த இடத்தில், இத்தகைய பிறழ்வுக்கு விளைந்தவை யாவை என்பதையே கூறவேண்டும். அருபா ஆய்வுக்கென ஆராயப்பட்ட 1740 பேருக்கும் இறுதியிற் சேர்ந்த 226 பேருக்கும் இடையிலுள்ள பெருந்தூரம் ஓர் உண்மையை உணர்த்துகின்றது. தகுதியின்மையாற் பலர் விலக்கப்பட்டனர் என்பது மெய்யே. ஆயினும் தகுதியுடையோருள்ளும் பலர் குலுக்கலுக்கு இணங்கவில்லை. தமது மூளையைச் சீட்டின் தீர்ப்புக்கு விட மனிதர் தயங்குவது இயல்பு. ஆனால் சீட்டை மறுத்தோர் சென்றடைந்த உறுதி உண்மையான உறுதியா, அன்றி யாரோ ஒருவரின் நம்பிக்கைமிக்க குரலா என்பது ஆராயப்பட வேண்டியது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு ஒருவாறு விடை காணலாம். ஆபத்தைக் கண்டமை அதனை அகற்றும் கடமையைத் தானாகவே பிறப்பிப்பதில்லை. அது பிறப்பிக்கும் கடமைகள் வேறு மூன்று. முதலாவது, செயலின் தீங்கையும் செயலின்மையின் தீங்கையும் ஒரே நேர்மையுடன் நிறுத்துப் பார்த்தல். இரண்டாவது, நிறுத்துக் கண்டதை அச்சமூட்டாமலும் ஆசைகாட்டாமலும் உரியவருக்கு எடுத்துரைத்தல். மூன்றாவது, எம்முடிவு எடுக்கப்படினும் அவரைக் கைவிடாதிருத்தல். தொடாது விடுவதெனத் தீர்மானித்த வைத்தியருக்கு அத்துடன் பணி முடிந்துவிடுவதில்லை. காலத்துக்குக் காலம் மீண்டும் பார்த்தல், வலிப்பைக் கட்டுப்படுத்தல், குருதி அமுக்கத்தைக் கவனித்தல், அச்சத்தைச் செவிமடுத்தல், நிலைமை மாறினால் முடிவையும் மாற்றத் தயாராயிருத்தல் ஆகியன அக்காத்திருப்பின் உள்ளடக்கமாகும். இவை எதுவுமற்ற காத்திருப்பு வெறும் புறக்கணிப்பே.

இவ்விடயம் வைத்தியத் துறைக்கு மட்டும் உரியதன்று. காணும் கருவிகள் நாளுக்கு நாள் கூர்மையடைகின்றன. மரபணுவிலும் குருதியிலும் படத்திலும், என்றோ வரக்கூடிய தீங்குகளின் நிழல்கள் இன்றே தெரியத் தொடங்கியுள்ளன. கண்டதையெல்லாம் திருத்திவிடும் ஆற்றல் அதே வேகத்தில் வளரவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் வாழ்வோரின் தொகை பெருகவே செய்யும். செயல் புரியும் துணிவை மட்டும் பாராட்டி, செயலை ஆராய்ந்து தவிர்க்கும் துணிவைக் கோழைத்தனம் என இகழும் மனப்பாங்கு மாறாதவரை, அறிவின் ஒவ்வொரு வளர்ச்சியும் அம்மனிதருக்குப் புதியதொரு சுமையாகவே அமையும். அச்சுமையை அவர்கள் தனித்துச் சுமக்காதிருக்கச் செய்வதே அறிந்தோரின் முதற்கடமையாகும்.